மார்க் கழித்த சிதம்பரநாதன்

பினாங்கு சூலியா தெருவில் நான் வழக்கமாக உட்காரும் சாப்பாட்டுக் கடையில், இரண்டாவது தே தாரிக் தேநீர் பாதி இறங்கியிருந்த நேரத்தில் செய்தி வந்தது. கைப்பேசி ஒரு தடவை அதிர்ந்தால் விளம்பரம், ஐந்தாறு தடவை தொடர்ந்து அதிர்ந்தால் சாவு. அன்று தொடர்ந்து அதிர்ந்தது. சங்கக் குழுவில் நம் தலைவர் போட்டிருந்தார்: ‘கடல் விஞ்ஞானி, பேராசான் சிதம்பரநாதன் இயற்கை எய்தினார்.’ அதற்குக் கீழே கண்ணீர் வடிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக நின்றன.

கடைக்கார பாய் என் முகத்தைப் பார்த்து, யார் என்று கேட்டார்.

“லேப்பு சிதம்பரம். பள்ளிக்கூடத்துல கண்ணாடிக் குழாய் கழுவினவரு. செத்ததும் விஞ்ஞானியாக்கிட்டானுங்க” என்றேன்.

“செத்தா எல்லாருக்கும் ஒரு பதவி உயர்வு உண்டுதானேண்ணே” என்று சொல்லிவிட்டு பாய் மேசையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

சங்க மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லிச் செயலாளர் என்னிடம் கேட்டபோது, நான் அவரை மதித்தவன் என்று நினைத்துத்தான் கேட்டிருக்கிறார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவ்வளவு உப்புச்சப்பில்லாத ஒரு மனிதரை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. வெந்நீருக்குக்கூட ஒரு ருசி உண்டு. அவருக்கு அதுவும் கிடையாது. அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் மனத்தில் இதை ஒப்புக்கொள்வீர்கள், வெளியே சொல்லமாட்டீர்கள். அதனால்தான் இந்த வேலை என்னிடம் வந்திருக்கிறது.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக: தெலுக் பஹாங் படகுத்துறை ஜெட்டியில் முப்பது வருடமாகப் படகோட்டும் கோவிந்தசாமி நான்தான். பதின்மூன்று வயதில், படிவம் ஒன்றோடு பள்ளிக்கூடம் என்னைத் தாங்கமுடியாமல் விட்டுவிட்டது. மீதிப் படிப்பைக் கடல் எடுத்துக்கொண்டது. பினாங்குக் கடலில் இருக்கும் மீன்களில் பாதியை எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். மறுபாதிக்கு என் பெயர் தெரியும். என் படகில் ஒரு மைக் இருந்தது. சுற்றுலாப் பயணிகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனால், போக வர ஒன்றரை மணி நேரம் நான் பேசுவேன். என் பேச்சைக் கேட்பதற்காகவே ஒருமுறை மூன்று டால்பின்கள் படகோடு ஜெட்டிவரை வந்து, நான் முடித்த பிறகுதான் திரும்பிப் போயின. சாட்சி வேண்டுமென்றால் டால்பின்களைக் கேளுங்கள்.

எல்லாம் பறக்கும் மீனால் வந்த வினை. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஒன்றிலிருந்து ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். நான் மைக்கைப் பிடித்தேன். பறக்கும் மீன் காக்கையைப் போல இறக்கையை அடித்துக்கொண்டு பறக்கும் என்றேன். பொழுது சாய்ந்தால் பினாங்குப் பாலத்து விளக்குக் கம்பங்களில் வரிசையாக உட்கார்ந்து இளைப்பாறும் என்றேன். எனக்குப் பழக்கமான ஒரு மீன் டோல் கட்டாமலேயே அக்கரைப் பட்டர்வொர்த் போய் வருகிறது என்றேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய் மறந்திருக்க வேண்டியதுதானே. பள்ளிச் சோதனையில் எழுதிவிட்டார்கள். நான்கு பேர். அதில் ஒருத்தி விடைக்குக் கீழே ‘ஆதாரம்: படகு அங்கிள்’ என்று வேறு எழுதி, அதற்கு அடிக்கோடும் போட்டிருந்தாள்.

அந்த விடைத்தாளின் நகலோடு ஓர் ஆசிரியையின் கடிதம் எங்கள் முதலாளியம்மாவுக்கு வந்தது. முதலாளியம்மா சீனப் பெண்மணி. தமிழ் படிக்கத் தெரியாது. யாரையோ விட்டு மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கேட்டதும் சிரித்தார் என்றுதான் சொன்னார்கள். சிரித்து முடித்துவிட்டு வந்து என் மைக்கைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். இனிமேல் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுகிற ஒவ்வொருவரும் ஆரம்பப் பள்ளி அறிவியலை மறுபடி ஒருமுறை ஒழுங்காகப் படித்து, வாய்மொழிச் சோதனையில் தேற வேண்டும். இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தேறாதவர் படகில் கோலாலம்பூர்ப் பெண் ஒருத்தியின் பதிவு செய்த குரல் ஓடும். படகோட்டி வாயை மூடிக்கொண்டு ஓட்டினால் போதும்.

மற்றவர்களுக்கு அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை. மைக் இல்லாத படகில் நான் யார்? என்ஜினுக்குத் துணைக்கு உட்கார்ந்திருக்கும் ஆள். கடலைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு பெண் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பேசியதை, நான் ஓட்டும் படகில், என் முதுகுக்குப் பின்னால் நானே கேட்க வேண்டும். அதற்கு நான் கடலில் குதித்து நீந்தியே வேலைக்குப் போய் வருவேன். மைக் இல்லாத அந்த நாள்களில் பேச்சையெல்லாம் வீட்டில்தான் கொட்டினேன். மூன்றாவது வாரம் என் மனைவி சொன்னாள்: “கடல்ல கொட்டறத வீட்டுல கொட்டறீங்க. சீக்கிரம் பாஸ் பண்ணுங்க. இல்ல, எனக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கிக் குடுங்க.”

இப்படித்தான் சிதம்பரநாதன் எங்கள் தலையில் வந்து விழுந்தார். டத்தோ கிராமாட்டில் ஒரு கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில், ஆறு ஞாயிற்றுக்கிழமைக் காலைகள். நாங்கள் ஏழு பேர். எல்லோருக்கும் இளையவருக்கு நாற்பத்திரண்டு வயது. ஆமைக் கடற்கரைக்குக் காட்டுவழியாக ஆட்களைக் கூட்டிப் போகும் சரசு அக்கா மட்டும்தான் நோட்டுப்புத்தகம் கொண்டு வந்திருந்தார். உள்ளே வந்த மனிதரைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. பட்டத்தின் வால்போல ஓர் உடம்பு. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. கையில், கண்ணாடித் தாளால் அட்டை போட்ட நான்காம் ஆண்டு அறிவியல் பாடநூல். ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உதவியாளராக இருந்தவராம். பாடம் நடத்தும் ஆசிரியர்கூட இல்லை. அவர்கள் நடத்தி முடித்ததும் குழாய்களைக் கழுவி அடுக்குகிறவர். திமிங்கிலத்தோடு கைகுலுக்கியவனுக்கு வாத்தியார் இவர்.

வந்தவர் வணக்கம் சொன்ன கையோடு சட்டத்தைச் சொன்னார். “சரியான பதிலுக்கு ஒரு மார்க். தப்புன்னா சைபர். தெரியலன்னாலும் சைபர், பரவால்ல. ஆனா கேக்காதத சேத்துச் சொன்னா, ஒவ்வொன்னுக்கும் மைனஸ் ஒன்னு.”

சரசு அக்காவுக்குப் புரியவில்லை. தப்புக்குத்தானே சார் கழிக்கணும், என்று கேட்டார்.

“தப்பு தெரியாம வரது. சேக்கறது தெரிஞ்சு வரதும்மா” என்றார் சிதம்பரநாதன். சொல்லும்போது என்னைப் பார்க்கவே இல்லை. பார்க்காததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்தச் சட்டம் ஊருக்காகப் போட்டதில்லை, எனக்காகத் தைத்த சட்டை என்று.

முதல் பாடம் சூழலியல். வெள்ளைப் பலகையில் ஒரு சதுப்புநிலக் காட்டை வரைந்தார். அதைக் காடு என்று அவர் சொன்னதால்தான் தெரிந்தது. பார்வைக்குத் தலைவாராத ஆள் மாதிரி இருந்தது. இலை விழுகிறது, நண்டு தின்கிறது, நண்டை யார் தின்பார்கள் என்று என்னைக் கேட்டார். கொக்கு என்றேன். ஒரு மார்க். அதோடு உட்காரவேண்டியவன்தான். ஆனால் கொக்கு தனியாக நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கொக்கைத் தின்பதற்குப் பதினாறு அடி நீளத்தில் ஒரு முதலை இருக்கிறது என்றேன். அது முன்பு ஒரு பணக்காரர் வீட்டுக் குளத்தில் வளர்ந்தது என்றேன். அதன் பல்லில் ஒன்று தங்கப்பல் என்றேன். அவர் முகம் மாறாமல் தாளில் மூன்று கோடு போட்டார். அன்று மதியம் எல்லோருக்கும் எட்டும் ஒன்பதுமாக மார்க் வந்தது. எனக்கு மைனஸ் நான்கு.

“கோவிந்தண்ணே, கடல் மட்டத்துக்குக் கீழ போயிட்டீங்களே” என்றார் சரசு அக்கா. அவருக்கு நாக்கு எப்போதும் அப்படித்தான்.

இரண்டாவது, மூன்றாவது வாரம், பறத்தல். இந்தப் பாடத்தில் அவர் என்னிடம் கற்றுக்கொள்வார் என்றுதான் நினைத்துப் போனேன். ஏனென்றால் நான் தெலுக் பஹாங் வருமுன் பத்து வருடம் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் பாராசூட்டை இழுக்கும் படகு ஓட்டியவன். நான் வானத்துக்கு அனுப்பியவர்களை வரிசையாக நிறுத்தினால் வரிசை கொம்தார் கோபுரத்தைச் சுற்றி வரும். இவரோ ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டு மேலாக ஊதினார். தொங்கிய காகிதம் எழும்பி நின்றது. இதைப் பார்த்து ஆறு பேர் ‘ஓ’ என்றார்கள். ஒரு வளர்ந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை அதுவுமாகக் காகிதத்தை ஊதிக்காட்டுகிறார், அதற்கு ஆறு வளர்ந்த மனிதர்கள் ‘ஓ’. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நானும் ஊதிப் பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

அன்றுதான் என் பறக்கும் மீன் மேசைக்கு வந்தது. அது இறக்கையை அடிப்பதில்லை, வாலால் தண்ணீரை உதைத்து எழும்பி, விரித்த துடுப்போடு சிறிது தூரம் காற்றில் வழுக்கிப்போய் மறுபடி விழுகிறது, அவ்வளவுதான் என்றார். “பறக்கறது வேற, சறுக்கறது வேற, கோவிந்தசாமி.” என் பெயரை அவர் ஒருநாளும் சுருக்கிக் கூப்பிட்டதில்லை. அதற்கும் யாராவது மைனஸ் போடுவார்கள் என்று பயந்தார்போல.

நான் சொன்னேன், சறுக்குகிறது என்று சொன்னால் எந்தப் பிள்ளை சார் வாயைத் திறந்து கேட்கும்? பாலத்துக் கம்பத்தில் உட்கார்ந்தது என்றால்தானே அது மீனைத் திரும்பிப் பார்க்கும்?

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “தண்ணிக்குள்ள இருக்கற ஒன்னு, தொரத்தறவன்கிட்டேர்ந்து தப்பிக்க, மூச்சு விட முடியாத எடத்துல எழும்பிப் போவுது. இது பத்தலையா உங்களுக்கு?” என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பவைத்ததற்கும் சேர்த்து அவர்மேல் வெறுப்பு வந்தது.

நான்காவது, ஐந்தாவது வாரம் கடல்வாழ் உயிர்கள். இங்கே ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். பலரும் இப்போது மறைக்கப் பார்க்கிறார்கள். சிதம்பரநாதன் கடலுக்குப் போனவர் இல்லை. தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், நீந்தத் தெரியாது. பட்டர்வொர்த் ஃபெர்ரியைத் தவிர வேறு எந்தப் படகிலும் ஏறியதில்லை. அதிலும் நடுவில்தான் நிற்பாராம். அவருடைய கடல் ஒரு ஜாடிக்குள் இருந்தது. மருந்துத் தண்ணீரில் ஊறிய ஒரு ஜெல்லிமீன். பழைய பள்ளியிலிருந்து கேட்டு வாங்கி, துண்டில் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இது மீனே இல்லை, முதுகெலும்பு இல்லை, இதயம் இல்லை, மூளையும் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

நான், மூளை இல்லாமலேயே மிதந்துகொண்டிருக்கிற சிலர் நம் சங்க நிர்வாகத்திலும் இருக்கிறார்களே என்றேன். மண்டபமே சிரித்தது. அவர்கூடச் சிரித்தார், பல் தெரியாமல்.

“நல்லாருக்கு” என்றார். “மைனஸ் ஒன்னு.”

அன்று வகுப்பு முடிந்து நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் பார்த்திராத கடலைப் பற்றி நான் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் உங்களுக்கு ஏன் இப்படி எரிகிறது என்று நேராகவே கேட்டேன். அவர் ஜாடியைத் துண்டில் சுற்றிக்கொண்டே சொன்னார்: “கடல் ஏற்கெனவே பெருசுதான். நீங்க வேற அதப் பெருசாக்க வேணாம்.” சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்குவதுபோல ஜாடியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டார்.

ஆறாவது வாரம் சோதனை. பன்னிரண்டு கேள்வி. எட்டு எடுத்தால் தேர்ச்சி. சத்தியமாகச் சொல்கிறேன், பன்னிரண்டுக்கும் எனக்குச் சரியான விடை தெரிந்திருந்தது, பன்னிரண்டையும் சொன்னேன். ஏழு பேரில் பன்னிரண்டையும் சரியாகச் சொன்னவன் நான் ஒருவன்தான். அதில் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். ஆனால் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேனா? ஆமை ஏன் பிளாஸ்டிக் பையை விழுங்குகிறது என்றார். ஜெல்லிமீன் என்று நினைத்து என்றேன். சரி. பிறகு நான் ஓர் ஆமையின் வயிற்றிலிருந்து நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தை வெளியே எடுத்ததையும், குழம்பு இன்னும் சூடாக இருந்ததையும் சொன்னேன். டால்பின் எப்படி மூச்சு விடுகிறது என்றார். நுரையீரலால், மேலே வந்து என்றேன். சரி. பிறகு அந்த மூன்று டால்பின்கள் வந்துவிட்டன.

கழிவுகளைக் கழித்துப் பார்த்தால் எனக்கு மூன்று. மற்ற ஆறு பேரும் தேறிவிட்டார்கள். வௌவாலைப் பறவை என்று சொன்ன ஆள்கூடத் தேறிவிட்டார். நான் கத்தினேன். என்னைவிடத் தெரியாதவனைப் பாஸ் போட்டுவிட்டு என்னை ஃபெயில் போடுகிறீர்களே, இதற்குப் பெயர் சோதனையா, இதற்குப் பழிவாங்கல் என்று பெயர் என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, “வௌவாலு பறவை இல்லன்னு நாளைக்கு யாராவது சொன்னா அவரு கேட்டுக்குவாரு. உங்க மொதலைக்குத் தங்கப்பல் இல்லன்னு யார் வந்து சொல்றது?” என்றார்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோலாலம்பூர்ப் பெண்ணின் குரல் வந்துவிட்டது என்று ஜெட்டியில் பேசிக்கொண்டார்கள். முதலாளியம்மா படகில் போட்டுப் பார்த்தார். நல்ல குரல்தான், மறுக்கவில்லை. வங்கியில் உங்கள் எண் வந்துவிட்டது என்று கூப்பிடும் குரல். திமிங்கிலத்தையும் அதே குரலில்தான் கூப்பிட்டாள்.

இரண்டாவது வாய்ப்புக்கு நான் ஒரு நிபந்தனை போட்டேன். மண்டபத்தில் இல்லை, கடலில், என் படகில், பிள்ளைகள் முன்னால் சோதிக்கட்டும் என்றேன். அவருக்கு அங்கே கால் நடுங்கும் என்று தெரிந்துதான் போட்டேன். அவர் வந்தார். ஜெட்டியிலேயே உயிர்காப்புச் சட்டையைப் போட்டு, எல்லா வாரையும் இறுக்கி, இரண்டு தடவை சரிபார்த்து, படகின் நடுவில் போய் உட்கார்ந்தார். வேறொரு பள்ளியின் நாற்பது பிள்ளைகள். மைக்கை அன்றைக்கு மட்டும் முதலாளியம்மா இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முனை திரும்பி அலை கொஞ்சம் பெரிதானதும் சிதம்பரநாதன் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். ஒரு கையில் பை, மறு கையில் மார்க் போடும் தாள். தாளை மட்டும் நனையவிடவில்லை. அந்தக் காட்சி எனக்கு அவ்வளவு ஆனந்தமாக இருந்தது என்பதை எழுத வெட்கமில்லை.

அப்போது மலைப் பக்கத்திலிருந்து ஒரு கடற்கழுகு வந்து எங்களுக்கு மேலே வட்டம் போட்டது. ஒரு பிள்ளை, அங்கிள், அது ஏன் இறக்கையை ஆட்டாமலேயே சுற்றுகிறது என்று கேட்டாள். கடலிலிருந்து அடிக்கும் காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது, வெயிலில் சூடான காற்றும் மேலே எழும்புகிறது, அது இறக்கையை அகலமாக விரித்து அந்தக் காற்றின்மேல் படுத்துக்கொண்டிருக்கிறது, அதனால் அதற்குச் சக்தி மிச்சம் என்றேன். சுத்தமான விடை. வாயை மூடிக்கொண்டேன். மூடிய வாய்க்குள் ஒரு பெரிய கதை முட்டிக்கொண்டு நின்றது.

நாற்பது பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். “அவ்ளோதானா, அங்கிள்?” என்றாள் அவள்.

நான் நடுவில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தேன். வெளிறிய முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போகட்டும், மைக் போனால் போகிறது, கடைசியாக ஒருமுறை என்று தோன்றிவிட்டது. அவர் காதில் நன்றாக விழும்படி மைக்கில் சொன்னேன்: “பாடம் இதோட முடிஞ்சிது. இதுக்கு மேல அங்கிள் விடற கதை. சோதனையில எழுதறவங்களுக்கு இந்தா உக்காந்திருக்காரே, இவரு மைனஸ் போடுவாரு.”

பிறகு ஆரம்பித்தேன். இந்தக் கழுகு ஒருநாள் என் தூண்டிலில் மாட்டிய மீனைக் கொத்திக்கொண்டு கிளம்பியது. நான் தூண்டிலை விடவில்லை. கழுகும் விடவில்லை. என்ஜின் நின்றுவிட்டது. கழுகு படகோடு என்னை இழுத்துக்கொண்டு கெடா மாநிலத்துப் பக்கம் போகிறது. பின்னால் கடற்படை வருகிறது. இந்த இடத்தில் கடற்கரை வந்துவிட்டது. பிள்ளைகள் இறங்கவேண்டியதாயிற்று. மீதியை நான் சொல்லவில்லை.

திரும்பி வந்து ஜெட்டிப் பலகையில் உட்கார்ந்து, சிதம்பரநாதன் தாளை நீட்டினார். பிள்ளைகள் கேட்டது பத்துக் கேள்வி. பத்துக்குப் பத்து. ஒரு கோடுகூட இல்லை. எனக்குப் பிடிபடவில்லை. கதையைக் கழிக்கவில்லையே என்றேன். “கதைன்னு சொல்லிட்டுத்தானே சொன்னீங்க. அதுல சேக்கறதுக்கு என்ன இருக்கு?” என்றார். கொஞ்சம் வெந்நீர் குடித்தார். பிறகு யாரும் பக்கத்தில் இல்லையென்று பார்த்துக்கொண்டு கேட்டார்: “அப்பறம் அந்தக் கழுகு என்ன ஆச்சு?”

அந்தக் கேள்விக்காக நான் ஏழு வாரம் காத்திருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் எழுந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னேன்: “மைனஸ் ஒன்னு, சார்.”

மைக் திரும்ப வந்தது. கோலாலம்பூர்ப் பெண் வேறு ஏதோ வங்கிக்குப் போய்விட்டாள். இது நடந்து மூன்று வருடம். அந்த மூன்று வருடத்தில் அவர் என்னை எங்கே பார்த்தாலும் கேட்டார். பாசாரில் மீன் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்டார். தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில், மோர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு முறையும் மைனஸ் ஒன்று என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அதில் தீராத சந்தோஷம். என்னை ஃபெயில் போட்டவரை நான் தவணை முறையில் ஃபெயில் போட்டுக்கொண்டிருந்தேன். இன்னோர் உண்மை என்னவென்றால் கதையின் மீதி எனக்கே தெரியாது. அன்றைக்குக் கடற்கரை வந்திருக்காவிட்டால் என்ன சொல்லியிருப்பேனோ.

போன மாதம் அவர் மருத்துவமனையில் இருப்பதாகச் சரசு அக்கா சொன்னார். நுரையீரலில் நீர். மதியம் பார்வையாளர் நேரத்தில் போனேன். படுக்கையில் ஆள் இருக்கிறாரா என்று போர்வையைத் தேடிப் பார்க்கவேண்டியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிதம்பரநாதன் மூச்சு வாங்கிக்கொண்டே, “கழுகு” என்றார். ஒரே ஒரு சொல்.

நான் உட்கார்ந்து சொன்னேன். நாற்பது நிமிடம் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு கதை நான் விட்டதில்லை. கழுகு என்னைக் கெடாவுக்குக் கொண்டுபோனது. அங்கே ஒரு தீவில் கழுகின் மனைவி இடுப்பில் இறக்கையை வைத்துக்கொண்டு நின்றது. “மீன் வாங்கிட்டு வாய்யான்னா, படக வாங்கிட்டு வந்து நிக்கிறியே, இத எந்தச் சட்டியில போட்டு வறுக்கறது” என்று அது திட்டியது. கழுகு பயத்தில் வாயைத் திறந்தது. மீன் விழுந்தது, அதை முதலை எடுத்துக்கொண்டது. கடற்படைக்காரர்கள் எனக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள், அது தகரம். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துச் சிரித்து, தாதி வந்து அதட்டினார். அவர் மனைவி ஆரஞ்சை அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தார். சிதம்பரநாதன் கண்ணை மூடாமல் கேட்டார்.

கதை என்று முதலில் சொல்லிக்கொள்ளவில்லை நான். வேண்டுமென்றேதான் விட்டேன். அவர் கழிக்கட்டும் என்று ஒவ்வொரு பொய்யாக அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். முதலையை வைத்தேன். பதக்கத்தை வைத்தேன். அவர் தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். ஒரு மார்க்கூடக் கழிக்கவில்லை. லிஃப்டில் இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஆள் வீட்டுக்குத் திரும்பப்போவதில்லை. நான்காவது நாள் சூலியா தெருவில் கைப்பேசி அதிர்ந்தது.

பதினாறாம் நாள் மண்டபத்தில் நம் தலைவர் பேசியதை நீங்களும் கேட்டீர்கள். ஏழு கடலையும் அளந்தவராம். ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளை உருவாக்கியவராம். ஆழ்கடலில் புதிய மீன் இனம் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டப் பரிசீலனை நடக்கிறதாம். எனக்கு உடம்பு கூசியது. பொய்யைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லைதான். ஆனால் பொய் சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டாமா? இவ்வளவு சோம்பேறித்தனமாகவா சொல்வது? ஒரு முதலை இல்லை, ஒரு தங்கப்பல் இல்லை. அவரைப் பற்றிச் சொல்வதற்கு அவ்வளவு இருக்க, ஏன் சேர்க்கிறான் இந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் வாய் திறந்துவிட்டது.

“மைனஸ் ஒன்னு” என்றேன். பின்வரிசையில்தான் இருந்தேன். ஆனால் முப்பது வருடம் படகில் பேசிய தொண்டை.

மண்டபத்துத் தலைகள் எல்லாம் பின்பக்கம் திரும்பின. தலைவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் எழுந்து சொன்னேன். அவர் கடலை அளக்கவில்லை. அவருக்கு நீந்தத் தெரியாது. ஒரே ஒரு நாள் கடலுக்கு வந்தார், அதுவும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார், ஆனால் வந்தார். குழாய் கழுவினார், ஒரு குழாயைக்கூட உடைத்ததாகக் கேள்வியில்லை. நாலாம் ஆண்டுப் புத்தகத்தை நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டேன். யாரோ என் தோளைப் பிடித்து வெளியே போகச் சொன்னார்கள். அப்போது முன்வரிசையில் அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். திரும்பி என்னைப் பார்த்து, “வீட்டுலயும் அப்படித்தான். சாம்பார் நல்லாருக்கான்னா, நல்லாருக்கும்பாரு. ஒரு வார்த்த கூடச் சேக்கமாட்டாரு” என்றார். பிறகு அழ ஆரம்பித்தார். நான் வெளியே போனேன்.

அவருடைய புத்தகத்தை நான் கேட்டு வாங்கவில்லை. அந்த ஜாடி எங்கே போனதோ தெரியாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒன்றுதான், அதுவும் நான் விரும்பி எடுத்துக்கொண்டதில்லை. மைக்கைப் பிடித்து விடையைச் சொல்லி முடித்ததும் நாக்கு ஒரு கணம் நிற்கிறது. இதுவரை பாடம், இனிமேல் கதை என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி நகர்கிறது. கழிப்பதற்கு ஓர் ஆள் இருந்தவரை எனக்குச் சேர்ப்பது மட்டும்தான் வேலை. இப்போது இரண்டையும் நானே பார்க்கவேண்டியிருக்கிறது. அவர் செய்துகொண்டிருந்தது இவ்வளவு கஷ்டமான வேலை என்று ஒருநாளாவது வாயைத் திறந்து சொன்னாரா அந்த மனிதர்?